எல்கடுவ மலைக் காரும் லொறிக் கியரும்

சென்ற மாதம் டொரன்டோவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய பாட்டனார் எல்கடுவக் கடைவீதியில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். நாங்கள் அவரை முதலாளி என்று அழைப்போம். அவருடைய 1957 ஆம் ஆண்டு செவ்ரோலெட் கார் இன்றும் அதே கடைக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டிலில் நிற்கிறது. பேரனார் அதைத் திருத்தி எடுக்கப் போகிறாராம். "அப்பாவுக்கு நீங்கள் பழக்கம் என்று சொன்னார். அந்தக் காரின் பழைய ஒட்டோ கியரைக் கழற்றி எறிந்துவிட்டு எவரோ ஒரு லொறிக் கியரை மாட்டி அதைப் பாழாக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து அசல் கியர்ப் பெட்டியை வரவழைத்துப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்பதுதான் அவருடைய கேள்வி.

பதில் எழுத எனக்குப் பத்து நாள் பிடித்தது. எழுதியதை இங்கேயும் பதிந்து வைக்கிறேன். கார்களைப் பற்றி நான் அதிகம் எழுதியவன் அல்லன். பத்திரிகையில் முப்பது வருடங்களாகத் தோட்டம், சம்பளம், தேர்தல் என்றே எழுதி வந்திருக்கிறேன். ஆனால் இந்தக் கார் அந்த விடயங்களுக்கு வெளியே நிற்கும் ஒன்றல்ல என்பதை வாசித்து முடிக்கும்போது நண்பர்கள் உணர்வார்கள்.

எல்கடுவவை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கண்டியிலிருந்து வத்தேகம வழியாக ஏறினாலும் சரி, மாத்தளைப் பக்கத்திலிருந்து ஏறினாலும் சரி, வளைவுக்கு வளைவு தேயிலையும் பள்ளமும் மாறி மாறி வரும் பாதை. ஹுன்னஸ் நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போகிறவர்கள் இன்று குளிரூட்டிய வேனில் போகிறார்கள். எங்கள் சிறுபராயத்தில் அந்தப் பாதையில் பஸ் வருவது ஒரு செய்தி, வராதது செய்தியல்ல.

அந்தப் பாதைக்கு அந்தக் கார் எப்படி வந்தது என்பதே ஒரு கதை. கொழும்பிலிருந்த வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றிற்கு வந்த வண்டி அது. ஆகவே ஸ்டியரிங் இடப்பக்கம். நீளம் ஐந்து மீற்றருக்கு மேல்; பின்புறம் இரண்டு பக்கமும் மீன் செட்டைபோல் எழுந்து நிற்கும். தூதரகம் விற்றபோது தோட்டத்துத் துரை வாங்கினார். 1957 இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வாகன இலக்கத்தில் ஏறியதும், வடக்கில் அதற்கெதிராக எழுந்த போராட்டமும், 1958 இல் தார்ச் சட்டியும் தூரிகையுமாக நாடே கொதித்ததும் வாசகர்கள் அறிந்தவை. அந்த 'ஸ்ரீ' இலக்கத் தகடு இந்தக் காரில் இன்றும் இருக்கிறது. காருக்கு அரசாங்கம் கொடுத்த இலக்கம் இருந்தது. ஆனால் அதைக் கழுவித் துடைத்து, பிறகு ஓட்டவும் பழகிய பையனுக்கு இந்த நாட்டின் பிரஜாவுரிமை இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவனுடைய தகப்பனிடமிருந்து எடுத்துக்கொண்டது அது. அவனுடைய அண்ணன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார். இவர் இருந்துவிட்டார். இப்போது அவருக்கு எழுபத்தைந்து வயது. இந்தக் கட்டுரையில் சாரதி என்று நான் குறிப்பிடுவது அவரைத்தான்.

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது துரை புறப்பட்டார். காரை முதலாளி வாங்கினார். சாரதியும் காரோடு கடைக்கு வந்து சேர்ந்தார். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் அதுதான் வாடகைக் கார். தோட்டத்து அம்புலன்ஸ் என்பது அந்தக் காலத்தில் பெரும்பாலும் கொழுந்து ஏற்றும் லொறிதான் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி கியருக்கு வருகிறேன்.

அந்தக் காரில் இருந்தது பவர்கிளைட் என்னும் தன்னியக்கக் கியர். 1950 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து செவ்ரோலெட் கார்களில் வந்தது. இரண்டே இரண்டு முன்கியர்கள்: கீழ்க்கியர் ஒன்று, நேர்க்கியர் ஒன்று. அமெரிக்காவின் நீண்ட சமவெளிப் பாதைகளுக்கு அது போதும். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் கிளச்சுக்குப் பதிலாக எண்ணெய் நிரம்பிய ஒரு சுழற்சிக் கலம் இருக்கும். ஏற்றத்தில் அந்தக் கலமே இழுவையைப் பெருக்கிக் கொடுக்கும் என்பதால் கார் மெதுவாக, முனகிக்கொண்டு, எப்படியும் ஏறிவிடும். ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. இறங்கும்போது அந்தப் பெருக்கம் கிடையாது. கீழ்க்கியரின் விகிதம் 1.82 மாத்திரமே. ஒன்றரைத் தொன் எடையுள்ள காரை, ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு, எஞ்சினால் பிடித்து வைக்க அது போதாது. எனவே பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். அந்தக் காலத்துக் காரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடிக்காது, மழையில் நனைந்தாலும் பிடிக்காது. சாரதி என்னிடம் சொன்னதை அவருடைய பேச்சிலேயே தருகிறேன்: "தம்பி, ஒட்டோல கீழ எறங்குனா வண்டி நம்ம பேச்சக் கேக்காது. அது பாட்டுக்குப் போகும். நாம கூடப் போவணும்."

இதற்கு மேல் எண்ணெய்ப் பிரச்சினை. பவர்கிளைட்டுக்கென்று தனி எண்ணெய் உண்டு. 1970களின் தொடக்கம் வரை அந்த வகை எண்ணெயில் திமிங்கிலக் கொழுப்புச் சேர்ப்பார்கள் என்று பிற்காலத்தில் எங்கோ வாசித்தபோது வியந்து போனேன். எல்கடுவத் தேயிலை மலைக்கும் கடல் திமிங்கிலத்துக்கும் இப்படியொரு உறவு! 1970 முதல் 1977 வரை வாகனமும் உதிரிப்பாகமும் இறக்குமதி செய்வது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை என் வயதினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாணுக்கே வரிசையில் நின்ற நாட்கள். கியரின் சீல் தேய்ந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. முதலாளி கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் அலைந்து வெறுங்கையோடு திரும்பினார். கார் 1975 கடைசியிலிருந்து சில மாதங்கள் கொட்டிலில் நின்றது.

1976 இல் மாத்தளையில் கராஜ் வைத்திருந்த ஒரு சிங்கள பாஸ் அதற்கு வழி கண்டார். அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவரல்லர். ஆனால் ஒரு விடயம் அவருக்குத் தெரிந்திருந்தது. காரில் இருந்த ஆறு சிலிண்டர், 235 கன அங்குல எஞ்சினும் செவ்ரோலெட் லொறிகளில் வந்த எஞ்சினும் ஒரே குடும்பம். அப்படியானால் லொறியின் கியர் காருக்கும் பொருந்த வேண்டும். பழைய இரும்புக்காக உடைக்கப்படவிருந்த ஒரு செவ்ரோலெட் லொறியிலிருந்து கியர்ப் பெட்டி, அதை எஞ்சினோடு இணைக்கும் மணி வடிவக் கூடு, பிளைவீல், கிளச், ஸ்டாட்டர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கழற்றி வாங்கினார்.

கேட்பதற்கு இலகுவாக இருக்கும். ஆனால் கியர் மாற்றுவது என்பது ஒரு பெட்டியை எடுத்து இன்னொரு பெட்டியை வைப்பதல்ல. தன்னியக்கக் காரின் எஞ்சின் முதுகில் இருப்பது மெல்லிய தகட்டுச் சக்கரம். அதை எடுத்துவிட்டுப் பாரமான பிளைவீல் போட வேண்டும். கியரின் முன்தண்டு எஞ்சினின் பிரதான தண்டுக்குள் நுழைந்து உட்கார ஒரு வெண்கலப் புஷ் தேவை. அதை லேத் வேலைத்தளத்தில் கடைந்து எடுத்தார். அரை மயிரிழை விலகினாலும் கியரின் தாங்கியைத் தின்றுவிடும். பிரேக் மிதியின் அகலமான தட்டை வெட்டிச் சிறிதாக்கி, பக்கத்தில் கிளச் மிதியைத் தொங்கவிட்டார். தரையைத் துளைத்து, நீண்ட லொறிக் கியர்க் கம்பியை முன் ஆசனத்துக்கு நடுவில் நிமிர்த்தினார். சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் நெடுந்தண்டின் நீளம் பொருந்தவில்லை. வெட்டி, நடுவில் குழாய் வைத்து ஒட்டினார். அதைச் சமநிலைப்படுத்தும் கருவி அவரிடம் இல்லை. மணிக்கு நாற்பத்தைந்து மைலைத் தாண்டினால் கார் இன்றைக்கும் நடுங்கும். எல்கடுவப் பாதையில் நாற்பத்தைந்து மைல் போக எவருக்கும் இடம் கிடைத்ததில்லை என்பதால் அது குறையாகப் படவில்லை.

குறை ஒன்று இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒட்டோ கார் கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு மின் ஆளி இருக்கும். கியர் போனதும் அந்த ஆளிக்கு வேலையில்லை என்று பாஸ் வயரை நேராக இணைத்துவிட்டார். ஒருநாள் முதலாளியின் மகன் கியரில் நின்ற காரைத் திறப்பை முறுக்கிக் கிளப்பியபோது அது பாய்ந்து, கொட்டில் சுவரை இடித்துக்கொண்டு நின்றது. அந்தச் சுவரில் இன்றும் தழும்பு உண்டு. இன்னொன்று, 'பி' என்று எழுதிய தரிப்பு நிலையும் ஒட்டோ கியரோடு போய்விட்டது. சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் பழக்கம் அன்றிலிருந்து வந்தது. அந்தக் கட்டை வைக்கும் உத்தியோகம் சில காலம் என்னுடையது.

ஆனால் கிடைத்ததைப் பாருங்கள். அந்த நான்கு கியர் லொறிப் பெட்டியின் முதற் கியர் விகிதம் 7.05. இரண்டாவது ஏறத்தாழ மூன்றரை. அதாவது, இரண்டாவது கியரிலேயே பழைய கீழ்க்கியரைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பிடிப்பு. முதற் கியர் மலைக்கு அல்ல, மதிலுக்கே ஏறலாம் என்று சாரதி சிரிப்பார்.

1978 நவம்பர். மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிய அதே மாதம். எனக்கு எட்டு வயது. இரவு அம்மாவுக்கு வலி கண்டது. தோட்டத்து மருத்துவிச்சி ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "இது இங்க ஆவாது, மாத்தளைக்குக் கொண்டு போங்க" என்றார். அப்பா கடைவீதிக்கு ஓடினார். கார் லயத்துக்குக் கீழே வந்து நின்றது. அம்மாவைப் பின் ஆசனத்தில் கிடத்தினார்கள். பாட்டி தரையில் உட்கார்ந்துகொண்டார். என்னை வீட்டில் விட ஆளில்லாததால் முன் ஆசனத்தில், அப்பாவுக்கும் சாரதிக்கும் நடுவில், அந்த நீண்ட கியர்க் கம்பி முழங்காலில் இடிக்க இடிக்க இருத்தினார்கள்.

மழை. பாதையில் ஓடிய தண்ணீரில் முதல் இரண்டு வளைவுக்குள்ளேயே பிரேக் நனைந்துவிட்டது. சாரதி மிதிப்பதையும் கார் நிற்காததையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கினார், எஞ்சின் ஓலமிட்டது, கார் தயங்கி, பின்னால் எவரோ பிடித்து இழுப்பதுபோல் அடங்கியது. மிகவும் செங்குத்தான ஓரிடத்தில் முதலாம் கியருக்கே போனார். அந்தப் பெட்டியில் முதற் கியர் இலகுவில் விழாது. கிளச்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் எஞ்சினை ஒருதரம் உறுமவிட்டுத்தான் போட வேண்டும். அதை இருட்டில், மழையில், பின்னால் ஒரு பெண் அலறிக்கொண்டிருக்கும்போது, ஒரே தடவையில் செய்தார். மாத்தளை வரைக்கும் அப்படியே இறங்கினோம். என் தங்கை விடியற்காலை பிறந்தாள். அவள் இப்போது ஆசிரியை.

பவர்கிளைட் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சோதிடம் சொல்லப் போவதில்லை. விகிதங்களை மேலே தந்திருக்கிறேன். வாசகர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த பாஸ் இன்று உயிரோடு இல்லை. 1983 ஜூலையில் மாத்தளையில் தமிழர் கடைகள் எரிந்தபோது, முத்துமாரியம்மன் கோயிலையும் விட்டுவைக்காதபோது, இந்தக் கார் அவருடைய கராஜின் பின்புறத்தில் சாக்குகளால் மூடப்பட்டுக் கிடந்தது. பிரேக் வேலைக்காக விட்டிருந்த கார். கேட்டு வந்தவர்களிடம் அது தன்னுடையது என்று சொன்னாராம். ஒரு மாதம் கழித்துப் பிரேக்கையும் செய்து, காரைத் திருப்பிக் கொடுத்தார். அவர் செய்த வேலைகளுள் காகிதத்தில் எதுவும் இல்லை. வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் சட்டக இலக்கமும் உண்டு. கியர்ப் பெட்டிக்கு அதில் இடமில்லை. ஆக, அந்த மனிதர் இந்த உலகில் விட்டுச்சென்ற கையொப்பங்களுள் ஒன்று அந்தப் பெட்டியும், அதைச் சுற்றியுள்ள அவருடைய ஒட்டு வேலையும்தான்.

இப்போது பேரனாரின் கேள்விக்கு வருகிறேன். 'அசல்' என்று அவர் சொல்வதைப் புறக்கணிக்க நான் விரும்பவில்லை. பழைய கார் சேகரிப்பவர்களிடையே அந்தச் சொல்லுக்குப் பெரிய விலை உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே எல்லாம் இருந்தால் அதற்கு ஒரு பெறுமதி. ஆணி மாறினாலும் ஒரு கழிவு. எல்லோரும் மனம்போனபடி மாற்றிக்கொண்டிருந்தால், 1957 இல் ஒரு கார் எப்படியிருந்தது என்பதையே பிறகு அறிய முடியாது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் இந்தக் காருக்குப் பொருந்தாது. பவர்கிளைட் அழிந்துபோன ஒன்றல்ல. அமெரிக்காவில் நேர்கோட்டு ஓட்டப் பந்தயக்காரர்கள் அதை இன்றும் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். உதிரிப்பாகம் தாராளமாகக் கிடைக்கிறது. 1957 செவ்ரோலெட்டோ அங்கே திருத்திப் பளபளவென்று நிறுத்தி வைக்கப்பட்டவை ஏராளம். எல்கடுவக் கார் அவற்றோடு இன்னொன்றாகச் சேர்வதால் எவர் என்ன புதிதாக அறிந்துகொள்ளப் போகிறார்?

வேடிக்கை என்னவென்றால், அதே அமெரிக்காவில் இன்று கார்ப் பிரியர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். 1994 முதல் 1996 வரை வந்த இம்பாலா எஸ்.எஸ். என்னும் பெரிய செவ்ரோலெட் தன்னியக்கக் கியரோடு மாத்திரமே விற்கப்பட்டது. அதை வாங்கி, பெரும் பணம் செலவழித்து, ஆறு கியர் கொண்ட கைக்கியர்ப் பெட்டியைப் பொருத்துகிறார்கள். ஓட்டும் இன்பத்துக்காக. கியூபாவிலோ வேறு கதை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தடை வந்து உதிரிப்பாகம் நின்றுபோனபின், ஹவானாவின் பழைய அமெரிக்கக் கார்களுக்குள் சோவியத் எஞ்சின்களும் டீசல் எஞ்சின்களும் அவற்றின் கியர்களும் புகுந்தன. அந்தக் கார்களைப் 'பாழாக்கப்பட்டவை' என்று எவரும் அழைப்பதில்லை. உலகமே போய்ப் படம் பிடித்துக்கொண்டு வருகிறது. மாத்தளை பாஸ் செய்ததும் அதைத்தான். எங்களுக்கு அதைப் படம் பிடிக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நம் நாடு அந்த நிலைமையிலிருந்து தப்பிவிட்டது என்றும் எண்ணிவிட வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களும் நாட்டை ஓட்டியவர்கள் இந்த பாஸ்மார்களின் மாணவர்களும் மாணவர்களின் மாணவர்களும்தான். 2022 இல் எரிபொருள் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் என்றிருந்தபோது சாரதி சொன்னார்: "நம்ம வண்டிக்கு அது மாத்தளைக்கு ரெண்டு தடவ போய் வரத்தான் காணும். நல்லவேளை, போறதுக்கு ஆளில்ல."

இருந்தாலும், பேரனாரின் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. அவருக்குக் கிளச் மிதித்து ஓட்டத் தெரியாது. தன் தாயாரை அந்தக் காரில் ஏற்றித் தானே ஓட்டி எல்கடுவக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. தகப்பனார் சொல்லச் சொல்ல வளர்ந்த பிள்ளையின் ஆசை. அதைக் குறை சொல்ல நான் யார்? கார் ஓடாமல் கொட்டிலில் நிற்பதைவிட, ஒட்டோவாக மாறியாவது ஓடட்டுமே என்று ஒரு மாலை முழுவதும் எனக்கும் தோன்றியது. சாரதியைத் தவிர அதை ஓட்டத் தெரிந்தவர் ஊரில் இன்று எவரும் இல்லை. அவருக்கோ இடது முழங்கால் வலி. லொறிக் கிளச்சை மிதிப்பது இலேசான காரியமல்ல.

யோசித்து, கடைசியில் இப்படி எழுதினேன். தம்பி, கியரில் கை வைக்காதீர்கள். அதற்கென்று வைத்திருக்கும் பணத்தைப் பிரேக்கில் போடுங்கள். உங்கள் காரில் பிரேக் எண்ணெய் ஒரே வழியில் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கும் போச்சு. அமெரிக்காவிலேயே 1967 இல் இரட்டை வழியாக மாற்றிவிட்டார்கள். அதை மாற்றுங்கள், முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கிடைத்தால் அதையும் போடுங்கள். இதுவும் அசலைக் கெடுப்பதுதானே என்று கேட்பீர்கள். ஆம். ஆளைக் காப்பாற்றும் மாற்றத்துக்கு அந்தக் கார் ஏற்கெனவே பழகியது. பாஸ் துண்டித்த அந்த மின் ஆளிக்குப் பதிலாக, கிளச்சை மிதித்தால் மாத்திரம் ஸ்டார்ட் ஆகும்படி ஓர் ஆளி வையுங்கள். அது அவர் விட்ட பிழை. நெடுந்தண்டைக் கொழும்பில் கொடுத்துச் சமநிலைப்படுத்துங்கள். கைப்பிரேக்கை நம்பும்படி செய்யுங்கள். கிளச் பாரமாக இருந்தால் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளச்சாக மாற்றலாம். அதனால் பெட்டிக்கு எந்தச் சேதமும் இல்லை. எதைக் கழற்றினாலும் எறியாமல், துணியில் சுற்றிப் பெயர் எழுதி வையுங்கள்.

பிறகு, டிசம்பரில் வரும்போது இரண்டு கிழமை கூடுதலாக லீவு எடுத்துக்கொண்டு வாருங்கள். தோட்டத்து விளையாட்டு மைதானம் சமதரை. அங்கே கிளச் பழகலாம். சொல்லித் தருவதற்கு ஆள் இருக்கிறார்.

இதைப் பதிவதற்கு முன் சாரதியிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, டிஸ்க் பிரேக் எவ்வளவு வரும் என்று விசாரித்தார். பின்பு, "அந்தத் தம்பிக்கு இடது காலு நீளமா, கட்டையா?" என்று கேட்டார். ஏன் என்றேன். "சீட்ட இப்பவே நகத்திப் பாக்கணும். துரு புடிச்சு இருக்கும்" என்றார்.